கொடுத்த பிறகு திரும்பிப் போனார்களா?

உதவி நிறுவனங்கள் ஏழை ஊர்களில் நிலைத்து நிற்கிற வளர்ச்சியைக் கொண்டுவருகின்றனவா, கொண்டுவருகின்றன என்றால் எப்படி என்பது கேள்வி. பணம் வந்தது, கட்டடம் எழும்பியது, வாசலில் பலகை வைத்தார்கள், மூன்று வருஷம் கழித்துப் போனால் பலகை மட்டும்தான் இருக்கிறது என்பது பலருக்கும் பழக்கமான காட்சி. அதனால் இந்தக் கேள்வி சந்தேகத்தோடுதான் வருகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் நிலைத்தவையும் உண்டு. எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று பார்க்க எனக்குத் தெரிந்த மிக நல்ல இடம் வங்கதேசம். ஐம்பது வருஷமாக உதவி நிறுவனங்கள் அங்கே செய்து பார்க்காத வேலை இல்லை. அவர்களுடைய பெரிய வெற்றிகளில் ஒன்று அங்கே நடந்தது. மிகப் பெரிய விபரீதமும் அங்கேதான் நடந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உதவி நிறுவனங்கள் ஒரு நாட்டின் வறுமையை ஒழித்ததாகச் சரித்திரம் கிடையாது. வங்கதேசத்தில் வறுமை குறைந்ததற்குப் பெரிய காரணம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள், வெளிநாட்டில் உழைத்து ஊருக்கு அனுப்பிய பணம், கூடிய நெல் விளைச்சல், சாலைகள். உதவி நிறுவனங்களின் வேலை அதைவிடச் சின்னது. அந்த வளர்ச்சி எட்டாத வீடுகளைத் தேடிப்போய் எட்ட வைப்பது. அதை ஒழுங்காகச் செய்தார்களா என்பதைத் தெரிந்துகொள்ள, என்ன கொடுத்தார்கள் என்ற பட்டியல் எனக்கு அவ்வளவாக உதவியதில்லை. கொடுத்த பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தார்களா, பார்த்ததை வைத்துத் தங்கள் வேலையை மாற்றிக்கொண்டார்களா என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும்.

பிராக் என்ற அமைப்பிலிருந்து தொடங்குகிறேன். இன்று உலகின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்று. அதைத் தொடங்கிய ஃபஸ்லே ஹசன் அபேத், சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்தவர். 1970 நவம்பரில் போலா புயல் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றபோது நிவாரண வேலையில் இறங்கினார். அடுத்த வருஷமே விடுதலைப் போர். போர் முடிந்ததும், லண்டனில் தனக்கிருந்த வீட்டை விற்ற பணத்தோடு, 1972ல் நாட்டின் வடகிழக்கில் சுல்லா என்ற வெள்ளக்காட்டுப் பகுதிக்குப் போனார். இந்தியாவிலிருந்து திரும்பிய அகதிகளுக்கு வீடு, மீனவர்களுக்குப் படகும் வலையும் என்று வேலை நடந்தது. நிவாரணம் முடிந்தபோது ஊர் பழையபடி ஏழையாகவே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் அந்த வேலையிலேயே தங்கிவிட்டார்.

பிராக்கின் வேலைகளில் நான் அதிகம் மதிப்பது, 1980ல் தொடங்கிய வயிற்றுப்போக்குத் திட்டத்தை. பேதியில் குழந்தை சாவது உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதால். 1968ல் டாக்காவில் இருந்த காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள், உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்க வைத்தே பெரும்பாலான காலரா நோயாளிகளைக் காப்பாற்றலாம் என்று காட்டியிருந்தார்கள். 1971ல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலனபிஸ் இதே கரைசலை டிரம்களில் கலந்து கொடுக்க வைத்தார். முப்பது சதவீதம் அளவில் இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆக, மருந்து கையில் இருந்தது. அதை நாட்டின் ஒவ்வொரு அடுப்படிக்கும் கொண்டுபோகத்தான் வழி இல்லை. பொட்டலம் போட்டு அனுப்பலாம் என்றால், அன்றைய வங்கதேசத்தில் அதற்கு வேண்டிய தொழிற்சாலையும் சாலையும் கடைகளும் போதாது.

அதனால் வீட்டில் இருப்பதை வைத்தே செய்யக் கற்றுக்கொடுக்க முடிவெடுத்தார்கள். ஓரளவு படித்த பெண்கள் குழுவாக வந்து ஓர் ஊரில் முகாம் போட்டுத் தங்குவார்கள். பகலில் ஆளுக்குச் சில வீடுகள். முற்றத்தில் உட்கார்ந்து, வீட்டுப் பெண்ணிடம் அவருடைய பாத்திரத்தையே கொண்டுவரச் சொல்லி, அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் எந்த மட்டம் வரை வரும் என்று அதில் அடையாளம் போடுவார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். வந்தவர் கலக்கிக் காட்டினால் மட்டும் போதாது, அந்த வீட்டுப் பெண் தன் கையால் கலக்கிக் காட்ட வேண்டும். உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. அதனால் சிட்டிகை எந்த விரல் மடிப்பு வரை என்பதில்கூடக் கறாராக இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி, சொல்ல வேண்டியதைக் கைவிரல்விட்டு எண்ணக்கூடிய சில குறிப்புகளாகச் சுருக்கியிருந்தார்கள்.

இதுவரைக்கும் எந்த நல்ல திட்டமும் செய்யக்கூடியதுதான். அடுத்து நடந்ததுதான் அபூர்வம். சில வாரங்கள் கழித்து வேறு ஆட்கள் அதே ஊருக்குப் போவார்கள். சில வீடுகளை முன்கூட்டிச் சொல்லாமல் தேர்ந்தெடுத்து, அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார்கள், கரைசலைச் செய்து காட்டச் சொல்வார்கள். அதன் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். பிறகு ஏ, பி, சி, டி என்று தரம். கற்றுக்கொடுத்தவருக்கு வந்து சேரும் சம்பளம் அந்தத் தரத்தைப் பொறுத்தது, ஏறி இறங்கிய வீடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது இல்லை. அந்த ஊரின் ஏழைப் பெண்ணுக்கு என்ன நினைவிருக்கிறது என்பதே ஊழியரின் கூலியைத் தீர்மானித்தது. உதவித் துறையில் இப்படி ஓர் ஏற்பாட்டை அதற்குமுன் யாரும் இந்த அளவில் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

கணக்கு நன்றாகவே வந்தது. பெரும்பாலான பெண்கள் சரியாகச் செய்து காட்டினார்கள். இத்தனை லட்சம் தாய்மார்களுக்குப் பயிற்சி என்று அறிக்கை எழுதி அங்கேயே நிறுத்தியிருக்கலாம், நன்கொடையாளர்களும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். போன தடவை உங்கள் குழந்தைக்குப் பேதியானபோது இதைக் கொடுத்தீர்களா? கொடுத்தவர்கள் மிகச் சிலரே.

ஏன் என்று தேடிப் போனார்கள். கிடைத்த முதல் காரணம் சங்கடமானது. கற்றுக்கொடுத்தவர்களில் பலருக்கே இதில் நம்பிக்கை இல்லை, தங்களுக்கு வயிறு சரியில்லை என்றால் மாத்திரைதான் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அவர்களை டாக்காவுக்கு வரவழைத்து, இந்தக் கரைசல் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று காலரா ஆராய்ச்சி மையத்தில் விளக்கிக் காட்டினார்கள். அதன்பிறகு அவர்கள் தாய்மார்களுக்கு முன்னால் தாங்களே குடித்துக் காட்டிப் பேச ஆரம்பித்தார்கள். இரண்டாவது காரணம் ஆண்கள். வெளியூர்ப் பெண்கள் வந்து வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள், நம்மிடம் ஒரு வார்த்தை இல்லை என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு. மருந்து வாங்கக் காசு எடுத்துக் கொடுப்பதும் வைத்தியரைக் கூப்பிடுவதும் அவர்கள்தான். அதனால் சந்தையிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களோடு தனியாகப் பேசினார்கள். மூன்றாவது காரணம் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்காது. தண்ணீராகப் போகும் கடுமையான பேதி, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வரும் பேதி, அஜீரணப் பேதி, சீதபேதி எல்லாம் அந்தப் பெண்களின் கணக்கில் வெவ்வேறு நோய்கள். ஊழியர்கள் சொன்ன மருந்து முதல் வகைக்கு மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். பால்குடிக் குழந்தைக்கு வயிறு போனால் அது தாய் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாததால் வந்தது, அதற்கு ஏன் உப்புத்தண்ணீர்? சொல்லிக்கொடுக்கும் விதத்தை இதற்கேற்ப மாற்றினார்கள்.

1990ல் திட்டம் முடிந்தபோது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயிருந்தார்கள். அப்புறம் பொட்டலங்கள் பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டன. இன்று குழந்தைக்குப் பேதியானால் உப்புக்கரைசல் கொடுக்கும் பழக்கம் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் வங்கதேசம் ஒன்று. 1980 வாக்கில் அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 200 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2020 வாக்கில் அது 30 அளவுக்கு வந்துவிட்டது. தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, பெண்கல்வி, சாப்பாடு என்று இதற்குப் பல காரணங்கள், கரைசலுக்கு மட்டும் பெயர் கொடுக்க முடியாது. ஆனால் ஒன்று பாருங்கள்: பிராக் ஊரைவிட்டுப் போன பிறகு அங்கே பழுதாக எந்த எந்திரமும் இல்லை, சம்பளம் கொடுக்க வேண்டிய ஊழியரும் இல்லை. தாய்க்குத் தெரிந்தது மகளுக்கும் மருமகளுக்கும் போனது.

இதற்கு நேர்மாறான கதை அதே நாட்டில், அதே காலத்தில் நடந்தது. அதுவும் நல்லெண்ணத்தோடுதான் ஆரம்பித்தது. குட்டைத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் குடித்துத்தான் இவ்வளவு பேதியும் காலராவும் வருகின்றன, ஆகவே நிலத்தடி நீரைக் கொடுப்போம் என்று அரசும் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபும் மற்ற நிறுவனங்களும் எழுபதுகளிலிருந்து ஊர் ஊராகக் குழாய்க்கிணறு போட்டார்கள். வண்டல் மண், கையாலேயே துளை போடலாம், செலவு குறைவு. மக்களுக்குப் பிடித்துப்போய்ச் சொந்தக் காசிலேயே லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் கிராம மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். வெற்றிக்கதை என்று உலகமே பாராட்டியது.

அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருந்தது. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் இரும்புத் துகள்களோடு ஒட்டியிருக்கும் ஆர்சனிக், மண்ணுக்கடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பிரிந்து நீரில் கரைந்துவிடுகிறது. ஆழம் குறைந்த கிணறுகளில்தான் இது அதிகம். நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசியிலும் தெரியாது. பல வருஷம் குடித்த பிறகு தோலில் கருப்புப் புள்ளிகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் காய்ப்புகள், கடைசியில் புற்றுநோய். எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில், கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா எண்பதுகளின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட நோயாளிகளைக் கண்டு சொல்லியிருந்தார். வங்கதேசத்தில் அதிகாரபூர்வமாகக் கிணற்றில் ஆர்சனிக் கண்டது 1993ல், நவாப்கஞ்சில். நடுவில் பத்து வருஷம், ஒரே வண்டல், ஒரே நிலத்தடி நீர். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் 1992ல் அங்கே கிணற்று நீரை ஆய்வு செய்தபோதுகூட ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் தொடுத்த வழக்கு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த லண்டன் பிரபுக்கள் சபை வரை போய், அந்த நிறுவனத்துக்கு அப்படி ஒரு கடமை இல்லை என்று 2006ல் தள்ளுபடியானது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் இத்தனை கிணறு போட்டவர்களும் பாராட்டியவர்களும் சேர்ந்து, இருபது வருஷத்தில் ஒரு தடவை அந்தத் தண்ணீரை முழுமையாகச் சோதித்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிணறுகளின் எண்ணிக்கையை வருஷா வருஷம் எண்ணினார்கள், தண்ணீரை யாரும் எண்ணத்தில் கொள்ளவில்லை.

அப்புறம் திருத்தும் வேலை நடந்தது. 2000ஐ ஒட்டிய வருஷங்களில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்ல கிணற்றுக்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு என்று குழாய்வாயில் பெயின்ட் அடித்தார்கள். சிவப்பு அடித்தவை 14 லட்சத்தைத் தாண்டின. இந்தச் சாதாரணப் பெயின்டுக்கு நல்ல பலன் இருந்தது. டாக்காவுக்குக் கிழக்கே அராய்ஹசாரில் ஆய்வாளர்கள் பார்த்தபோது, தங்கள் கிணறு கெட்டது என்று தெரிந்தவர்களில் பாதிக்கும் மேல் ஒரு வருஷத்துக்குள் வேறு கிணற்றுக்கு மாறியிருந்தார்கள். விலையுயர்ந்த வடிகட்டி எதுவும் இல்லாமல், தகவல் மட்டுமே செய்த வேலை இது. ஆனால் பெயின்ட் உதிர்ந்துபோகும். புதுக் கிணறுகள் போட்டுக்கொண்டே இருந்தார்கள், அவற்றைச் சோதிக்க ஆள் போகவில்லை. ஆழக் கிணறுகளை அரசு போட்டபோது அவற்றில் பல அரசியல் செல்வாக்குள்ளவர்களின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன என்றும், இன்னும் சுமார் 2 கோடிப் பேர் ஆர்சனிக் நீரைக் குடிக்கிறார்கள் என்றும் 2016ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு எழுதியது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்களுக்கு இது அந்நியமான கதையாக இருக்காது. அங்கே ஆழ்துளைக் கிணற்றில் வந்த ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் பதம் பார்த்த பிறகுதான், ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது.

தண்ணீர் விஷயத்தில் திரும்பிப் போய்ப் பார்த்த கதையும் ஒன்று உண்டு, அதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நம் ஊர்த் தெருமுனைகளில் நிற்கும் அடிபம்பு, இந்தியா மார்க் 2. அறுபதுகளின் பஞ்சத்துக்குப் பிறகு யுனிசெஃப் துளைபோடும் எந்திரங்களைக் கொண்டுவந்து பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட உதவியது. மேலே வைத்த வார்ப்பிரும்புப் பம்புகள், ஒரு குடும்பம் தன் தோட்டத்தில் வைத்து அடிப்பதற்கென்று மேற்கு நாடுகளில் செய்த மாதிரியின் நகல்கள். இங்கே ஒரு பம்பை ஊரே விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை அடிக்கும். எழுபதுகளில் கணக்கெடுத்தபோது முக்கால்வாசிப் பம்புகள் ஓடவில்லை. அந்தக் கணக்கை மூடி வைக்காமல், துளைபோடுவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை என்று முடிவெடுத்தார்கள். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரில் உள்ளூர்க்காரர்கள் இரும்புத் தகட்டில் வெல்டிங் செய்து உருவாக்கியிருந்த பம்பை எடுத்துக்கொண்டு, அதை மேம்படுத்தினார்கள். தண்ணீர் ஆழத்தில் கிடக்கிற, பம்புக்கு ஓய்வே இல்லாத கோயம்புத்தூர் மாவட்டத்தில் வைத்துச் சோதித்தார்கள். அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும் என்பது கணக்கு. சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையில் எழுபதுகளின் கடைசியில் பெருமளவில் தயாரானது. காப்புரிமை யாரிடமும் இல்லை, தரக்கட்டுப்பாடு மட்டும் கறார். பிறகு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போனது.

பம்பு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அது உடைந்தால் யார் வருவார் என்பதற்கும் தமிழ்நாட்டில்தான் முதலில் ஒழுங்கான பதில் தேடினார்கள். ஊரில் பம்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு வண்டியும் குழுவும் என்று மூன்று அடுக்கு. ஆனால் நாளாக நாளாக அதிலும் ஓட்டை தெரிந்தது. மார்க் 2வில் அடியில் ஒரு வாஷர் தேய்ந்தால்கூட குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும், அதற்கு மாவட்ட வண்டி வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். எண்பதுகளில் மறுபடி கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்து, குழாயைக் கழற்றாமலே உள்ளே இருப்பதை மட்டும் உருவி எடுக்கும்படி மார்க் 3 செய்தார்கள். அகலக் குழாய், அதனால் விலை கூடுதல், எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை. ராஜஸ்தானில் வேறு வழி எடுத்தார்கள், உள்ளூர் ஆட்களையே மிஸ்திரிகளாகப் பயிற்றுவித்தார்கள். திலோனியாவில் பெண்களும் பம்பு மிஸ்திரி ஆனார்கள். இது எதுவுமே ஒரே தடவையில் சரியாக அமைந்துவிடவில்லை.

சரி, தண்ணீரும் மருந்தும் போகட்டும். வறுமைக்கே நேரடியாக என்ன செய்கிறார்கள்? நுண்கடன் என்பார்கள் எல்லாரும், அதாவது ஏழைப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் சின்னக் கடன். ஆனால் கடன் வாங்கித் திருப்பிக் கட்ட, ஏற்கெனவே கொஞ்சம் தெம்பு வேண்டும். கணவனை இழந்து, வீட்டுவேலை செய்து, அன்றாடம் சோற்றுக்கே வழி தேடும் பெண்ணைக் கடன் குழுவில் மற்ற பெண்களே சேர்த்துக்கொள்வதில்லை. தவணை தவறினால் தங்கள் தலையில் விழும் என்ற பயம். பிராக் தன் குழுக்களைத் தானே ஆராய்ந்தபோது, மிக ஏழைகள் அதில் இல்லை என்பது தெரிந்தது. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் இப்படிப்பட்ட பெண்களுக்கு மாதா மாதம் கோதுமை கொடுத்துவந்தது. 1985ல் அந்தக் கோதுமையோடு கோழி வளர்ப்புப் பயிற்சியும் சேமிப்பும் சேர்த்துப் பார்த்தார்கள். பலர் தேறினார்கள், ஆனால் அடிமட்டத்தில் இருந்தவர்கள் கோதுமை நின்றதும் பழைய இடத்துக்கே சரிந்தார்கள். அதையும் கணக்கில் எடுத்துத்தான் 2002ல் புதிய திட்டத்தை வகுத்தார்கள்.

அது நடக்கும் விதம் இப்படி. முதலில் ஊர்க்காரர்களையே கூட்டி, தரையில் ஊரின் படம் வரையச் சொல்லி, எந்த வீடு எவ்வளவு ஏழை என்று அவர்களையே வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். கடைசி வரிசையில் வரும் வீடுகளை ஊழியர் நேரில் போய்ச் சரிபார்க்கிறார். தேர்வான பெண்ணுக்கு ஒரு பசுவோ சில ஆடுகளோ, அவர் விருப்பப்படி, இலவசமாக. கடன் இல்லை. பசு பால் தரும்வரை அவர் அதை விற்றுவிடாமல் இருக்க, சில மாதங்களுக்கு வாராவாரம் கொஞ்சம் பணம். மாட்டுக்குத் தடுப்பூசி, தீவனம் பற்றிப் பயிற்சி. இரண்டு வருஷம் வாராவாரம் ஊழியர் வீட்டுக்கே வருகிறார். மாடு எப்படி இருக்கிறது, குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா, இந்த வாரம் எவ்வளவு சேமித்தீர்கள், கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டீர்களா? ஊரில் வசதியானவர்களைக் கொண்டு ஒரு கமிட்டியும் உண்டு. மாடு திருடு போனால், யாராவது மிரட்டினால் பேச ஆள் வேண்டுமே. இதில் செலவு அதிகம் பிடிப்பதில் ஒன்று இந்த வாராந்திர வருகை. நிதி தருபவர்கள் முதலில் வெட்டச் சொல்வதும் இதைத்தான்.

இந்தத் திட்டத்தை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் வெவ்வேறு நிறுவனங்களைக் கொண்டு நடத்தி, சேர்ந்த குடும்பங்களையும் சேராத குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். சுமார் 10,500 குடும்பங்கள். ஆய்வுக்குழுவில் பின்னாளில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் இருந்தார்கள். 2015ல் வந்த முடிவு: உதவி நின்று ஒரு வருஷம் ஆன பிறகும் பெரும்பாலான இடங்களில் சாப்பாடு, வருமானம், சொத்து எல்லாம் கூடியிருந்தன. ஹோண்டுராஸில் அப்படி இல்லை. அங்கே கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போயின. அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் வேறு ஆய்வாளர்கள் பார்த்தபோது, திட்டத்தில் சேராதவர்களும் கூலிவேலையில் அதே அளவுக்கு முன்னேறியிருந்ததால் நிகரப் பலன் ஒன்றும் தெரியவில்லை. கூலி நன்றாகக் கிடைக்கும் ஊரில் ஆடுமாடு கொடுப்பதில் அர்த்தமில்லை என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் பத்து வருஷம் கழித்துப் போனபோதும் பலன் நின்றிருந்தது. வங்கதேசத் தரவுகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு சொன்னது முக்கியமானது: கிடைத்த சொத்தோடு ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டியவர்கள் தொடர்ந்து ஏறினார்கள், அதற்குக் கீழே நின்றவர்கள் மறுபடி சரிந்தார்கள். பத்துப் பேருக்குக் கால் காலாகப் பங்கு போட்டுக் கொடுப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் பத்துப் பேரும் ஏழையாகவே இருப்பார்கள்.

இதற்கெல்லாம் பணம் யார் தருவது என்பதில்தான் பல நிறுவனங்கள் சறுக்குகின்றன. நன்கொடைகள் பெரும்பாலும் சில வருஷக் கெடுவோடுதான் வரும். கெடு முடிந்த பிறகு திரும்பிப் போவதற்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் ஒதுக்கீடு இருக்காது. பிராக் இதற்கு ஒரு வழி கண்டது. மாணிக்கஞ்சில் பெண்கள் செய்த பட்டுத்துணியை டாக்கா கடைகள் விற்ற பிறகுதான் காசு கொடுத்தன, மாதக்கணக்கில் இழுத்தடித்தன. சரக்கு வந்ததுமே காசு கொடுக்க 1978ல் ஆரோங் என்ற கடையைப் பிராக்கே திறந்தது. இன்று அது வங்கதேசத்தின் பெரிய துணிக்கடைத் தொடர், அதன் லாபம் தொண்டு வேலைக்குப் போகிறது. எல்லாராலும் கடை நடத்த முடியாது. இன்னொரு வழி அரசு எடுத்துக்கொள்வது. பீகாரில் மாநில அரசின் ஜீவிகா அமைப்பு 2018லிருந்து, மிக ஏழைகளுக்கான பிராக் திட்டம் மாதிரியே ஒன்றை மகளிர் குழுக்கள் வழியே நடத்துகிறது. மாநிலம் முழுக்கப் போவதற்கு அரசைவிட்டால் வேறு ஆள் இல்லை. ஆனால் அங்கே அந்த வாராந்திர வருகை தேய்ந்துவிடாமல் இருக்க வேண்டும், என் கவலை அதுதான்.

உங்களிடம் ஒரு நிறுவனம் நன்கொடை கேட்டு வந்தால், இனிச் செய்யப்போவதைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நான்கைந்து வருஷம் முன்பு முடித்த ஒரு வேலையைச் சொல்லச் சொல்லுங்கள், அது இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "அந்த ஊரில் பாதிக் கழிப்பறைகளில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள், காரணம் இதுதான், அடுத்த ஊரில் இப்படி மாற்றிக் கட்டினோம்" என்று சொல்கிறவர்களுக்கு நான் யோசிக்காமல் கொடுப்பேன். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால், கடைசியாக அதைப் போய்ப் பார்த்தவர் யார், எந்த மாதம் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.